கணக்கு டீச்சர் பதில்கள்: கோட்டுக்கு எந்தப் பக்கம்?

சென்ற இதழில் நேரியல் அசமன்பாடுகளை, அதாவது சமக்குறிக்குப் பதிலாக 'சிறியது', 'பெரியது' குறி வரும் நேர்கோட்டுக் கணக்குகளை, வரைபடத்தாளில் வரைவது பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

ப்ளஸ் ஒன் மாணவி, பள்ளத்தூர்: 2எக்ஸ் − 3ஒய் < 6 என்பதை வரையச் சொன்னார்கள். 'சிறியது' குறி இருப்பதால் கோட்டுக்குக் கீழே நிழலிட்டேன். தப்பு என்று சுழித்துவிட்டார்கள். 'சிறியது என்றால் கீழே, பெரியது என்றால் மேலே' என்றுதானே டீச்சர் படித்தோம்?

அந்த வாய்ப்பாட்டை இன்றோடு விட்டுவிடு, தாயி. அது சில நேரம் சரியாக வரும், சில நேரம் காலை வாரும். எப்போது வாரும் என்று தெரியாமல் அதை நம்பிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

முதலில் நான் டியூஷன் எடுக்கும் வீட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். காரைக்குடியில் பழைய வீடு. முகப்புப் பட்டாலையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கல் எல்லாம் ஒரே அளவுச் சதுரம் என்பதால் தரையே எனக்கு வரைபடத்தாள். நாலு கல் கூடுகிற மூலை ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. நடுவில் ஒரு மூலையை ஆதிப்புள்ளி, அதாவது (0, 0), என்று வைத்துச் சாக்பீஸால் இரண்டு அச்சும் கிழித்துவிடுவேன்.

உன் கணக்கையே சென்ற வாரம் என் பிள்ளைகளுக்குப் போட்டேன். முதலில் 2எக்ஸ் − 3ஒய் = 6 என்ற கோடு வேண்டும். எக்ஸுக்கு 0 போட்டால் ஒய் −2. ஒய்க்கு 0 போட்டால் எக்ஸ் 3. ஆக (0, −2), (3, 0) என்ற இரண்டு மூலைகள். பந்தல் கயிற்றை அந்த இரண்டிலும் படும்படி நீளமாக இழுத்துக் கட்டினோம். கயிறு தானாகவே (6, 2) என்ற மூலை மேலும் போயிற்று. 12 − 6 = 6, சரியாக இருக்கிறது.

அப்புறம் ஏழு பிள்ளைகளையும் இஷ்டப்பட்ட மூலையில் நிற்கச் சொன்னேன். நிற்கிற இடத்துக்கு 2எக்ஸ் − 3ஒய் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டுக் காலடியில் எழுத வேண்டும். (1, 1)இல் நின்றவள் −1 என்று எழுதினாள். (5, 2)இல் 4. (6, 3)இல் 3. கயிற்றுக்கு அந்தப் பக்கம் (4, 0)இல் நின்றவன் 8, (1, −2)இல் நின்றவளுக்கும் 8. ஒரு பையன் (5, 1)இல் நின்று 7 என்று எழுதினான். அவனை ஒரு கல் இடப்பக்கம் நகரச் சொன்னேன். கயிற்றைத் தாண்டி (4, 1)க்கு வந்தான், இப்போது 5. 'நடுவில் 6 எங்கேடா போச்சு?' என்று கேட்டேன். குனிந்து பார்த்தான். அந்தக் கல்லின் விளிம்பில் சரிபாதி இடத்தில், (4.5, 1)இல், கயிறு குறுக்கே கிடந்தது. அங்கேதான் 6.

கயிற்றுக்கு ஒரு பக்கம் பூராவும் 6க்குக் குறைவு, மறுபக்கம் பூராவும் 6க்கு அதிகம், கயிற்றின் மேல் மட்டும் சரியாக 6. எந்தக் கோடு போட்டாலும் இப்படித்தான். 6ஐத் தொடாமல் 7இலிருந்து 5க்கு வர முடியாது, 6 இருக்கிற இடமெல்லாம் கயிற்றில் அடங்கிவிட்டது. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு புள்ளியைச் சோதித்தால் போதும். அந்தப் பக்கத்துப் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் அது பதில் சொல்லிவிடும். ஆதிப்புள்ளியைப் போட்டுப் பார்: 0 − 0 = 0, அது 6க்குக் குறைவு, சரி. ஆதிப்புள்ளி இருக்கிற பக்கம்தான் விடை. உன் வரைபடத்தில் பார், அது கோட்டுக்கு மேல்பக்கம்.

உன் வாய்ப்பாடு ஏன் சறுக்கியது என்றும் தெரிந்துகொள். ஒய்யைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்தினால் −3ஒய் < 6 − 2எக்ஸ் என்று வரும். இனி −3ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பிக்கொள்ளும். கொடுக்கல் வாங்கல் தெரிந்த ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். கையில் ₹5 வைத்திருப்பவன் ₹2 வைத்திருப்பவனைவிட மேல். அதுவே கடனாக இருந்தால், ₹5 கடன்காரன் ₹2 கடன்காரனைவிடக் கீழ். 2 < 5, ஆனால் −2 > −5. ஆக உன் கணக்கு ஒய் > (2/3)எக்ஸ் − 2 என்று ஆகிறது. இப்போது 'பெரியது என்றால் மேலே' என்பது பொருந்துகிறது. ஒய் தனியாக, கூட்டல் குறியோடு, இடப்பக்கம் நிற்கும்போது மட்டும் செல்லுகிற வாய்ப்பாடு அது. புள்ளியைப் போட்டுப் பார்ப்பது எந்தக் கணக்குக்கும் செல்லும்.

10ஆம் வகுப்பு முடித்த மாணவர், கண்டனூர்: ஒய் ≥ 2எக்ஸ் என்ற கணக்கில் (0, 0) போட்டால் 0 ≥ 0 என்று வருகிறது. சரி என்றுதானே அர்த்தம்? ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

தெரியாது தம்பி, ஏனென்றால் ஆதிப்புள்ளி அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வேலியின் மேல் உட்கார்ந்திருப்பவனிடம் நீ எந்தத் தோட்டத்து ஆள் என்று கேட்டு என்ன பயன்? கோட்டில் படாத வேறு புள்ளியை எடு. (1, 0) எடுத்தால் 0 ≥ 2, தவறு. ஆகவே (1, 0) இல்லாத மறுபக்கம். சமன்பாட்டில் தனி எண் எதுவும் இல்லையென்றால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்த உடனே (0, 0)ஐ விட்டுவிடு.

வாசகர், புதுவயல்: தொடர்கோடு, விட்டுவிட்டு வரும் கோடு என்று இரண்டு இருக்கிறதே. என் மகள் எல்லாவற்றுக்கும் தொடர்கோடே போடுகிறாள். பெரிய தப்பா?

ஆமாம், தப்புத்தான். வேனில் '12 பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்றால் 12ஆவது ஆளுக்கு இடம் உண்டு. '12 பேருக்குக் குறைவாக' என்றால் அவர் கீழே நிற்க வேண்டியதுதான். அந்த ஒரு ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத்தான் கோடு சொல்கிறது. குறியின் கீழே கிடைக்கோடு இருந்தால் (≤, ≥) எல்லையும் விடையில் சேர்த்தி, தொடர்கோடு. இல்லாவிட்டால் (<, >) எல்லை சேராது, விட்டுவிட்டுப் போட வேண்டும்.

< , > குறிகள் முதலில் அச்சில் வந்தது 1631இல், இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் எழுதி அவர் இறந்த பின் வெளியான நூலில். கீழே கோடு சேர்த்த குறி 1734இல் பிரெஞ்சுக்காரர் பியேர் பூகேர் போட்டது. அவர் இரட்டைக் கோடு போட்டார். இடையில் 100 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. 'சமமாகவும் இருக்கலாம்' என்பதற்கென்று ஒருவர் தனியாகக் குறி செய்திருக்கிறார் என்று மகளிடம் சொல்லுங்கள், மறக்க மாட்டாள்.

பலகாரம் போட்டு விற்கும் வாசகி, தேவகோட்டை: மகனின் வணிகக் கணித நோட்டில் இந்தக் கோடுகளைப் பார்த்தேன். எனக்கு இதில் ஏதாவது உண்டா? நான் கைமுறுக்கும் தேன்குழலும் போடுகிறேன். கைமுறுக்கு கிலோவுக்கு ₹120 நிற்கிறது, தேன்குழலுக்கு ₹80. மாவு வேலை, சுற்றுகிற வேலை எல்லாம் என் நாத்தனார். அவரால் நாளுக்கு 5 மணி நேரம் உட்கார முடியும். அடுப்பு நான், 4 மணி நேரம் நிற்பேன். கைமுறுக்கு ஒரு கிலோ சுற்ற 1 மணி, வெந்தெடுக்க 20 நிமிடம். தேன்குழல் ஒரு கிலோவுக்கு மாவு பிசைந்து அச்சில் இட்டுக் கொடுக்க 20 நிமிடம், வெந்தெடுக்க அரை மணி. லாபம் அதிகம் என்று கைமுறுக்கை மட்டுமே போடுகிறேன். சரிதானே?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன் ஆச்சி. பாடப்புத்தகத்தில் வரும் கணக்கைவிட உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. இரவே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன்.

கைமுறுக்கு எத்தனை கிலோ என்பதை 'மு' என்று வையுங்கள், தேன்குழலை 'தே'. தாளில் குறுக்கே மு, நெடுக்கே தே. நாத்தனார் கைக்கு 300 நிமிடம்: 60மு + 20தே ≤ 300. இருபதால் வகுத்தால் 3மு + தே ≤ 15. உங்கள் அடுப்புக்கு 240 நிமிடம்: 20மு + 30தே ≤ 240. பத்தால் வகுத்தால் 2மு + 3தே ≤ 24. இரண்டும் 0க்குக் கீழே போக முடியாது, அதனால் தாளின் வலப்பக்க மேல் கால்பகுதி மட்டும் போதும்.

முதல் கோடு குறுக்கச்சில் 5ஐயும் நெடுக்கச்சில் 15ஐயும் சேர்க்கும். இரண்டாவது, குறுக்கே 12, நெடுக்கே 8. இரண்டுக்கும் (0, 0) போட்டுப் பார்த்தால் சரியாக வருகிறது. எனவே இரண்டு கோட்டுக்கும் உள்பக்கம், ஆதிப்புள்ளியை ஒட்டிய பகுதிதான் உங்களால் ஆகிற காரியம். அந்த நாலு மூலைக் கட்டத்துக்குள் எங்கே விரலை வைத்தாலும் அது நீங்கள் செய்துமுடிக்கக்கூடிய ஒரு நாள். (2, 4) உள்ளே இருக்கிறது: 2 கிலோ முறுக்கு, 4 கிலோ தேன்குழல், முடியும், லாபம் ₹560. (4, 4) வெளியே விழுகிறது. ஏனென்றால் நாத்தனாருக்கு 320 நிமிடம் வேண்டும், 20 நிமிடம் போதாது.

மூலைகள் (0, 0), (5, 0), (3, 6), (0, 8). இப்போது நீங்கள் இருப்பது (5, 0)இல். 5 கிலோ கைமுறுக்கு, ₹600. நாத்தனாருக்கு முதுகு ஒடிகிறது, உங்கள் அடுப்போ 100 நிமிடத்தில் வேலை முடிந்து 140 நிமிடம் சும்மா கிடக்கிறது. தேன்குழல் மட்டும் போட்டால் 8 கிலோ, ₹640. அப்போது நாத்தனாருக்கு 140 நிமிடம் மிச்சம். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற (3, 6)இல், அதாவது 3 கிலோ கைமுறுக்கும் 6 கிலோ தேன்குழலும் போட்டால், கையும் அடுப்பும் ஒரு நிமிடம் வீணாகாமல் ஓடும். லாபம் 360 + 480 = ₹840.

மூலையில்தான் அதிக லாபம் என்று எப்படிச் சொல்கிறேன் என்று மகன் கேட்பான். ₹480 லாபம் தருகிற புள்ளிகளை எல்லாம் சேர்த்தால் (4, 0)இலிருந்து (0, 6) வரை ஒரு கோடு. அதன் மேல் ஸ்கேலை வைத்து, சாய்வு மாறாமல் மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். லாபம் ஏறிக்கொண்டே போகும். கட்டத்தை விட்டு ஸ்கேல் வெளியே போகிற கடைசி நொடியில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கட்டும். (3, 6)ஐத்தான்.

விலை மாறினால் ஸ்கேலின் சாய்வு மாறும். கைமுறுக்கில் ₹240க்கு மேல் நிற்குமானால் நீங்கள் இப்போது செய்வதே சரியாகிவிடும். அதுவரை (3, 6)தான். இன்னொன்று. தீபாவளி சமயத்தில் ஒரு வீட்டிலிருந்து 'தினம் 4 கிலோ கைமுறுக்கு கட்டாயம்' என்று கேட்டால், தாளில் மு ≥ 4 என்று நேர்க்குத்தாக ஒரு கோடு விழும். அப்போது நல்ல மூலை (4, 3)க்கு நகர்ந்துவிடும், லாபம் ₹720. நாளுக்கு ₹120 குறைகிறது. ஆகவே அந்த 4 கிலோவுக்குக் கிலோவுக்கு ₹30 கூடுதலாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது.

1938இல் ரஷ்யாவில் லியோனிட் கான்டரோவிச் என்ற கணித மேதையிடம் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காரர்கள் ஏறக்குறைய இதையே கேட்டார்கள்: எந்த இயந்திரத்துக்கு எந்த வேலையை எவ்வளவு பங்குபோடுவது? அதிலிருந்து அவர் கண்ட வழிக்குத்தான் பின்னால், 1975இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரண்டு பலகாரத்துக்குத் தாள் போதும். இருபது பலகாரம் என்றால் தாளில் வரைய முடியாது; மூலை மூலையாக நகர்ந்து தேடும் முறையை அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்ஸிக் 1947இல் கண்டுபிடித்தார். மகன் கல்லூரிக்குப் போனால் அதைப் படிப்பான். இப்போதைக்கு அவனை உங்கள் கணக்கை வரைந்து அடுப்படியில் ஒட்டச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடியில் கல் போடும் தொழிலாளி ஒருவர்: பள்ளியில் வேண்டிய பக்கம் நிழலிடச் சொல்கிறார்கள். டியூஷனில் வேண்டாத பக்கத்தை அடித்துவிட்டு, வேண்டியதை வெள்ளையாக விடச் சொல்கிறார்களாம். மகள் குழம்பிப்போயிருக்கிறாள். எது சரி?

இரண்டுமே வழக்கத்தில் இருக்கிறது அண்ணே. உங்கள் பட்டறை ஒன்றுக்கு என் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிவந்திருக்கிறேன். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, பூவேலை அச்சை உள்ளே இறக்கி, அறை அறையாக வண்ணச் சிமெண்டு ஊற்றுகிறீர்கள். இந்த அறைக்குப் பச்சை, அந்த அறைக்கு மஞ்சள் என்பது முதலிலேயே முடிவான விஷயம். அச்சைத் தூக்கிய பிறகு எது எந்த வண்ணம் என்று யாரும் கேட்பதில்லை. மகளின் தாளிலும் அப்படி முடிவு தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு அசமன்பாடு என்றால் வேண்டிய பக்கத்தை நிழலிடுவது நல்லது. நாலைந்து வந்தால் நிழல்மேல் நிழல் விழுந்து தாள் கருத்துப்போகும். அப்போது வேண்டாததை அடிக்கும் முறை கண்ணுக்குச் சுகம். தேர்வில் பாடப்புத்தகம் காட்டிய வழியிலேயே போகச் சொல்லுங்கள். எப்படிப் போட்டாலும் 'தீர்வுப் பகுதி' என்று அந்த இடத்துக்குள்ளேயே எழுதி ஒரு அம்புக்குறி போட்டுவிட வேண்டும். நான் படித்த காலத்தில் வேண்டாத பக்கத்தை அடித்துவிட்டு அதை எழுதாமல் விட்டேன். கணக்கு முழுவதும் சரியாக இருந்தும் திருத்தியவர் முட்டை போட்டுவிட்டார். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து அழுதது இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் என் பிள்ளைகள் யாரையும் அந்த இரண்டு சொல்லை எழுதாமல் எழுந்திருக்க விடுவதில்லை.

கல்லூரி மாணவி, காரைக்குடி: ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் அசமன்பாட்டைத் தட்டினாலே நிழல் வந்துவிடுகிறதே, கையால் எதற்கு?

கையால் வரைந்து முடித்துவிட்டு அதில் சரிபார். முதலிலேயே அதில் பார்த்துவிட்டால், எந்தப் பக்கம் என்று யோசிக்கிற அந்த அரை நிமிடம் உனக்குக் கிடைக்காமல் போய்விடும். கற்பது அந்த அரை நிமிடத்தில்தான்.

8ஆம் வகுப்பு மாணவன், கானாடுகாத்தான்: எக்ஸ் > 3 என்பதை எண்கோட்டில் 3க்கு மேல் ஒரு வட்டம் போட்டு வலப்பக்கம் அம்பு இழுத்தோம். அக்கா நோட்டில் அதே எக்ஸ் > 3க்கு நெட்டுக்குத்தாகக் கோடு போட்டுப் பாதித் தாளை நிழலிட்டிருக்கிறாள். ஒரே கணக்குக்கு இரண்டு விடையா?

நல்ல கேள்வி கேட்டாய் கண்ணு. அக்காவே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

எண்கோட்டில் உனக்குப் போக ஒரே வழி: இடம், வலம். தாளில் மேலே, கீழே என்று இன்னொரு வழியும் இருக்கிறது. எக்ஸ் > 3 என்று சொன்னவர் ஒய்யைப் பற்றி வாயே திறக்கவில்லை. சொல்லாததால் ஒய் என்னவாகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டிலும் கல் பதித்த தரை இருக்கும். சுவரோரத்திலிருந்து எண்ணிக்கொண்டு போய், மூன்றாவது கல் முடிகிற கோட்டில் நில். அந்தக் கோடு வாசல் பக்கத்திலிருந்து வளவு பக்கம் வரை நேராக ஓடுகிறது பார். அதன் மேல் நீ எங்கே நின்றாலும் சுவரிலிருந்து 3 கல்தான். வாசலோரம் நின்றாலும் 3, வளவோரம் நின்றாலும் 3. அதனால்தான் உன் நோட்டில் ஒற்றைப் புள்ளியாக இருந்தது அக்கா நோட்டில் முழுக்கோடாக ஆகிறது. இப்போது சுவரைவிட்டு இன்னும் தள்ளி ஒரு அடி எடுத்துவை. முன்னால் போ, பின்னால் போ, எங்கே போனாலும் நீ இருப்பது எக்ஸ் > 3இல். உன் வட்டத்துக்குப் பதிலாக அக்கா அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் போட்டிருக்கிறாளா என்று மட்டும் நோட்டைத் திறந்து பார்த்து எனக்கு எழுது.